கோணல் குருவியின் கட்சி

"சின்னப் பிள்ளைக்கு என்ன வரும்? நாமதான் செஞ்சு கொடுக்கணும்." மழலையர் வகுப்பிலிருந்து கைவேலைக்கான சுற்றறிக்கை வந்த அன்று மாலை, நம் வீடுகளில் முதலில் எழும் குரல் இதுதான். சொல்கிறவர்கள் எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆகவே அவர்கள் கட்சியை அதன் முழு பலத்தோடு எடுத்து வைத்துவிட்டே மறுக்கத் தொடங்குகிறேன்.

அவர்கள் சொல்வது இது. ஐந்து வயதுக் கைக்குக் கத்தரிக்கோல் அடங்காது. ஒட்டினால் கோணும், வண்ணம் தீட்டினால் கோடு தாண்டும். அதை அப்படியே அனுப்பினால் மற்றப் பிள்ளைகளின் வேலைக்குப் பக்கத்தில் பரிதாபமாக நிற்கும், பிள்ளை கூசிப்போகும். பெரியவர் செய்து கொடுத்தால் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாவது கற்றுக்கொள்ளும். அழகான பொருளைக் கையில் ஏந்திப் போகும், நாலு பேர் பாராட்டுவார்கள், தன்னம்பிக்கை வளரும். நேரமில்லாத பெற்றோருக்குக் கடையில் எல்லாம் வெட்டி அடுக்கிய பெட்டியே கிடைக்கிறது. வாங்கிக் கொடுத்தால் வீடும் குப்பையாகாது. சுருக்கமாக, பொருள் நன்றாக அமைந்தால் கைவேலை நன்றாக அமைந்தது.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் கோளாறு. முன்னால் உள்ளவை எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

எனக்கு இதில் சொந்தக் கோபமும் உண்டு, மறைப்பானேன். யு.கே.ஜி. படிக்கும் என் தங்கை மகளுக்குப் போன வருஷம் ஒரு வேலை கொடுத்தார்கள்: வீட்டில் வீணாகும் பொருளைக் கொண்டு ஒரு பறவை. தாள் தீர்ந்துபோன தினசரிக் காலண்டரின் அட்டையை உடலாக்கினாள். கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கிழித்து இரண்டு இறக்கை வைத்தாள். இரண்டு புளியங்கொட்டை, கண். ஒரு கண் தலையிலும் இன்னொன்று ஏறக்குறைய கழுத்திலும் இருந்தது. ஏனடி என்றால், "அது திரும்பிப் பாக்குது பெரியம்மா" என்றாள். மறுநாள் காட்சி மேசையில் தெர்மாகோல் அன்னங்களும் ஜிகினா மயில்களும் வரிசை கட்டி நின்றன. குருவி ஓரத்தில் கிடந்தது. ஆசிரியை சிரித்த முகத்தோடு என் தங்கையிடம் சொன்னார்: "நீங்க கொஞ்சம் ஹெல்ப் பண்ணியிருக்கலாமே மேடம்."

அந்த ஆசிரியைமேல் எனக்கு வருத்தமில்லை. ஊரே சொல்வதைத்தான் அவரும் சொன்னார். ஆகவே ஊருக்கே பதில் சொல்கிறேன்.

1. பிள்ளைக்கு வராது என்பதுதான் காரணமா? அப்படியானால் அந்த வேலையைப் பிள்ளையிடமிருந்து பிடுங்க அதைவிட மோசமான காரணம் கிடையாது. நடக்க வராத குழந்தையை, வராது என்பதற்காக யாரும் ஐந்து வயது வரை இடுப்பிலேயே வைத்திருப்பதில்லை. விழட்டும் என்று தரையில் விடுகிறோம். கைக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

கை எப்படி வளர்கிறது என்று பாருங்கள். மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகள் உண்டு. பிறந்த குழந்தையின் எக்ஸ்ரேயில் பொதுவாக அவை தெரிவதே இல்லை. அப்போது வெறும் குருத்தெலும்பு. வருஷக் கணக்கில் ஒவ்வொன்றாக இறுகி, கடைசி எலும்பு தெரியப் பத்து வயது வாக்கில் ஆகிவிடும். தசையும் நரம்பும் பழகுவதும் அப்படி மெதுவாகத்தான். காகிதத்தைக் கிழிப்பது சின்ன விஷயமாகத் தெரியும். இரண்டு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிர்த் திசையில், ஒரே அளவு விசையில் போனால்தான் காகிதம் நேராகக் கிழியும். மூன்று வயதில் கத்தரிக்கோலால் ஓரத்தை நறுக்க மட்டும் வரும். நேர்கோட்டில் வெட்ட நாலு வயதாகும். வட்டத்துக்கு இன்னும் கொஞ்ச காலம். பென்சிலைப் பிடித்து 'அ' போடப்போவதும் இதே விரல்கள்தான். விஜயதசமியன்று நெல்லைப் பரப்பி, விரலைப் பிடித்து எழுத வைக்கிற நாம், மறுநாளே அந்த விரலில் பென்சிலைத் திணிக்கிறோம். இடையில் நெல்லிலும் மணலிலும் மாவிலும் அந்த விரல் அலைய வேண்டிய மாதங்களை யார் தின்றது?

பசையையே எடுத்துக்கொள்ளுங்கள். மைதாவைத் தண்ணீரில் கரைத்துப் பெரியவர் ஒருவர் காய்ச்சிக் கொடுத்தால் போதும். அதிகம் தடவினால் காகிதம் ஊறிச் சுருங்கும். குறைத்தால் இறக்கை விழும். ஒட்டியதும் கையை எடுத்தால் நழுவும், கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இவை மூன்றையும் வாயால் சொல்லித் தர முடியாது. இறக்கை இரண்டு முறை விழ வேண்டும். கடைசியில் நாம் புகுந்து 'சரிசெய்து' கொடுக்கும்போது, அந்த வேலையில் பாடமாக இருந்த ஒரே பகுதியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பிள்ளையிடம் நீட்டுகிறோம்.

2. பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்பது பாதி உண்மை. பாட்டி வாழைநாரில் பூத் தொடுப்பதைப் பார்த்த பேத்தி, உதிரிப்பூ நாலை எடுத்துத் தானும் முடிச்சுப் போட்டுப் பார்க்கிறாள். அவிழ்ந்துபோகிறது, யாரும் மதிப்பெண் போடுவதில்லை, மறுபடி போடுகிறாள். அங்கே பார்ப்பது கல்விதான். ஏனென்றால் பாட்டி செய்தது பாட்டியின் வேலை. பேத்தியின் வேலையைப் பாட்டி செய்யவில்லை.

தன் பெயரில் போகப்போகும் பறவையை அப்பா செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்ன பார்க்கிறது? தொட்டதும் "கையை எடு" என்கிறார்கள். பசை மூடியைத் திறந்து கொடுப்பது அதன் பங்கு. மறுநாள் "நீயே செஞ்சியா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்பதும் பழக்கப்படுத்தப்படுகிறது. ஐந்து வயதில் பொய்க் கையெழுத்து. இதிலிருந்து வருகிற தன்னம்பிக்கை எந்த வகையைச் சேர்ந்தது என்று விளக்கினால் தேவலை.

3. கடைப் பெட்டியை நான் விலைக்காக மறுக்கவில்லை. விலை ஒரு பக்கம் இருக்கட்டும். அதில் துண்டுகள் வெட்டியே வருகின்றன, துளைகள் போட்டே வருகின்றன, மூடியில் முடிவின் படம் இருக்கிறது. யானை என்றால் யானைதான். பிள்ளைக்கு மிஞ்சுவது அம்புக்குறியைப் பின்தொடர்வது. ஒரு துண்டு தொலைந்தால் விளையாட்டே நின்றுவிடும். காலண்டர் அட்டை அப்படியா? அது இன்னதுதான் ஆக வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. பறவையா, படகா, கடை வைத்து விளையாடத் தராசுத் தட்டா என்று பிள்ளைதான் யோசிக்க வேண்டும். அந்த யோசனை நடக்கும் ஐந்து நிமிஷம் வெளியே பார்த்தால் சும்மா இருப்பது போலத் தெரியும். அதுதான் வேலையின் நடுப்பகுதி.

பெட்டியைப் பழிக்கிறவள் ஒன்றை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். மழலையர் கல்வியே ஒரு பெட்டியில் தொடங்கியதுதான். 1837-இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் சிறுவர்களுக்கான நிலையம் தொடங்கிய ஃப்ரோபல், மர உருண்டை, கனசதுரம், உருளை என்று பெட்டிபெட்டியாகச் செய்தார். 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் அவற்றைக் கண்ட ஒரு தாய் தன் மகனுக்கு வாங்கித் தந்தார். மகன் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட். கடைசி வரை அந்த மரக்கட்டைகளை அவர் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டைகள் எதுவாகவும் ஆகக்கூடியவை, கலைத்துவிட்டு வேறாக அடுக்கக்கூடியவை. அதோடு ஃப்ரோபல் கொடுத்த வேலைகளில் பாதி பெட்டிக்கே வெளியே இருந்தது: காகித மடிப்பு, காகிதப் பின்னல், ஊறவைத்த பட்டாணியில் குச்சி செருகி உருவம் கட்டுவது. பட்டாணியும் குச்சியும் எந்தக் கடையில் பெட்டியாக வர வேண்டும்?

நம் நாட்டிலேயே அர்விந்த் குப்தா இருக்கிறார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்தவர். சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகி, முக்கோணம் ஏன் அசையாது, சதுரம் ஏன் சாய்ந்துவிடுகிறது என்று பிள்ளைகளின் கையிலேயே காட்டினார். 1987-இல் அதைப் புத்தகமாக்கினார். 2018-இல் பத்மஸ்ரீ வந்தது. பொருள் அழகாக இருக்கிறதா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. சதுரம் சாய்ந்ததுதான் பாடம்.

4. 'வீண் பொருளில் கலை' என்ற பெயரில் நடப்பது, காசு கொடுத்து வீண் பொருள் வாங்குவது. ஐஸைக் கண்ணால் காணாத ஐஸ்குச்சிகள் கட்டுக் கட்டாகக் கடையில் தொங்குகின்றன. காகிதக் கப் புதிதாக வாங்கப்படுகிறது. பாட்டில் காலியாக வேண்டும் என்பதற்காகக் குளிர்பானம் குடித்துத் தீர்க்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. சுற்றுச்சூழல் தினத்துக்குப் பள்ளியில் வைக்கும் பூமி உருண்டை பெரும்பாலும் எதில் செய்யப்படுகிறது என்று போய்ப் பாருங்கள்.

வீட்டில் உண்மையிலேயே என்ன கிடக்கிறது? சிவகாசியில் அச்சாகி வரும் தினசரிக் காலண்டர் நாளுக்கு ஒரு தாள் தருகிறது. ஒரு வருஷத்துக்கு 365 கப்பல். கல்யாணப் பத்திரிகை போலக் கெட்டியான, பொன்னிற ஓரமிட்ட காகிதம் எந்த ஸ்டேஷனரி கடையிலும் அந்த விலைக்குக் கிடைக்காது. அதன் விலை பூஜ்யம். புதுச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டை. கொட்டாங்குச்சி. தேங்காய் நார். நறுக்கிய வெண்டைக்காய்க் காம்பை பீட்ரூட் சாற்றில் தோய்த்து அழுத்தினால் பூ. இரண்டு தீப்பெட்டிக்கு நடுவில் நூல் கட்டினால் தொலைபேசி. பூவரச இலையைச் சுருட்டினால் பீப்பி. வீட்டுக்காரர்களின் காது தாங்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது மஞ்சள். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத்தாளில் பூசி உலர விடுங்கள். கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிநீரில் பஞ்சு சுற்றிய குச்சியைத் தோய்த்து அதன்மேல் வரையச் சொல்லுங்கள். குச்சி போன வழியெல்லாம் ரத்தச் சிவப்பு. ஆரத்தித் தட்டில் வருஷம் முழுக்கப் பார்க்கும் அதே நிறம். அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைக்கு அன்றைக்குத்தான் தெரியும். மேலே எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சள். சுண்ணாம்பு காரம், எலுமிச்சை அமிலம் என்று இப்போது சொல்ல வேண்டியதில்லை. சொல்லுகிற வகுப்பு வரும்போது கை தலையை ஆட்டும். (சுண்ணாம்பு கண்ணில் படக்கூடாது; கரைப்பதும் ஊற்றுவதும் பெரியவர் வேலை, குச்சிதான் பிள்ளையுடையது.) மாலைக்குள் அந்தத் தாள் மங்கிக் கிடக்கும். காட்சி மேசைக்கு லாயக்கில்லை. அதனால்தான் எந்தச் சுற்றறிக்கையிலும் அது இல்லை.

5. பரிசு கொடுத்தால் ஊக்கம் வரும் என்கிறார்கள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் கொடுத்தார்கள். இன்னொரு பகுதிக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்து, யாரும் கேட்காமலே பேனாக்களை மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள்.

கவனியுங்கள்: எதிர்பாராமல் பரிசு வாங்கிய பிள்ளைகளின் ஆசை குறையவில்லை. முன்னால் தொங்கவிட்ட பரிசுதான் கெடுத்தது. நம் போட்டிகள் எல்லாம் முன்னால் தொங்கவிடுபவை. அதிலும் பரிசு போவது அப்பாவின் அன்னத்துக்கு. அங்கே பிள்ளைக்கு ஆசையும் போயிற்று, பரிசும் தன்னுடையதில்லை.

6. "கைத்தொழில் எதுக்கு? படிக்கிற வழியைப் பாரு." இந்தக் குரலை மட்டும் நான் எழுந்து நின்று கேட்பேன். இதைச் சொல்லும் தாத்தாக்களுக்கு வரலாறு இருக்கிறது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பள்ளி நேரம் குறைந்தது. மிச்ச நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குயவர் மகன் களிமண்ணுக்கும், வண்ணார் மகள் வெளுப்புக்கும் திரும்ப வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். குலக்கல்வி என்று பெயர் சூட்டிப் பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. கையால் செய்யும் வேலை என்றாலே நம் ஊரில் ஒரு சந்தேகம் எழுவது நியாயம்தான். 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்விகூட, கைத்தொழிலை மையமாக வைத்ததாலேயே, இங்கே பலருக்குக் கசந்தது.

ஆனால் 1953-இன் குற்றம் பிள்ளை களிமண்ணைத் தொட்டதில் இல்லை. எந்தப் பிள்ளை எதைத் தொட வேண்டும் என்பதை அப்பனின் சாதி முடிவு செய்ததில் இருந்தது. அதற்கு மருந்து எந்தப் பிள்ளையும் எதையும் தொடாமல் இருப்பதா? ஒரே வகுப்பில் எல்லாப் பிள்ளையும் மண் பிசைந்து, காகிதம் கிழித்து, பசை தடவி, முடிந்ததும் தானே தரையைக் கூட்டினால் குலத்தொழில் என்ற எண்ணத்துக்கே அங்கு இடமில்லை. இப்போது நடப்பதை நினைத்துப் பாருங்கள். கடையில் காசு கொடுத்தால் 'ப்ராஜெக்ட்' செய்து தருகிறார்கள். ராத்திரி உட்கார்ந்து ஒட்டுவது கூலிக்கு வேலை செய்யும் யாரோ ஒரு கை. பெயர் போடுவது நம் பிள்ளை. கைவேலை என்பது வேறு யாரோ செய்யவேண்டியது என்ற பாடத்தை ஐந்து வயதில் இதைவிடச் சுத்தமாக எப்படிச் சொல்லித் தருவது? ராஜாஜி திட்டத்தை எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதே பாடம் வேறு வாசல் வழியாக வந்து சேருகிறது.

7. மிச்சமிருப்பவை நேரம், குப்பை, ஆபத்து. நேரமில்லை என்று சொல்லும் தாய்மார்களிடம் ஒன்று கேட்கிறேன்: ராத்திரி பதினொன்றரைக்கு குளூ கன்னும் கையுமாக உட்காருவது யார்? பிள்ளை செய்வதற்கு உங்கள் நேரம் அநேகமாகத் தேவையே இல்லை; நீங்கள் இட்லிக்கு ஊற்றும் நேரத்தில் அது சமையலறைத் தரையில் உட்கார்ந்து கிழித்துக்கொண்டிருக்கும். நேரத்தைத் தின்பது அந்தத் தெர்மாகோல் அன்னம்தான். குப்பைக்கு, கீழே பழைய செய்தித்தாள்.

ஆபத்து மட்டும் உண்மை. அதில் எதிர்க்கட்சியோடு முழுக்க உடன்படுகிறேன். மூன்று வயதுக்குக் கீழே புளியங்கொட்டை, பட்டாணி, மணி எதுவும் கையில் வேண்டாம். வாய்க்கோ மூக்குக்கோ போகும். பட்டன் பேட்டரி எந்த வயதிலும் வேண்டாம். விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். பிள்ளையார் சிலைக்குக் கண் வைக்கும் குன்றிமணி பார்க்க அழகு, உள்ளே கொடிய விஷம். கத்தரிக்கோல் மழுங்கிய முனையோடு இருக்கட்டும். பெரியவரின் உதவி என்று ஒன்று தேவையென்றால் அது இந்த இடத்தில்தான்: அடுப்பு, சுண்ணாம்பு, கூர்மை. இறக்கையை நேராக்குவதில் இல்லை.

ஆசிரியர்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த சுற்றறிக்கையில் 'பறவை செய்து வரவும்' என்பதை அடித்துவிட்டு, வீட்டிலிருந்து ஒரு காலண்டர் அட்டையும் ஒரு பழைய பத்திரிகையும் மட்டும் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். ஒட்டுவது வகுப்பிலேயே, உங்கள் கண்முன்னால் நடக்கட்டும். பிறகு காட்சி வைப்பதென்றால், கழுத்தில் கண் உள்ள குருவியைக் கையில் எடுத்து, ஏன் அங்கே வைத்தாய் என்று அதைச் செய்தவளிடம் கேளுங்கள்.